ஆற்றை அளந்து போட்டவர்

என் வீட்டுக்காரர் டம்ளரில் பால் ஊற்றுவதைப் பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். எங்கள் பெண்கள் இருவரும் சின்னவர்களாக இருந்தபோது இரண்டு டம்ளரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஊற்றுவார். அப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்து, டம்ளர் விளிம்பு மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இதிலிருந்து அதில் ஒரு சொட்டு, அதிலிருந்து இதில் அரைச் சொட்டு. சின்னவள் பசியில் அழ ஆரம்பித்திருப்பாள். பெரியவள் பாலையே மறந்து தெருவுக்கு ஓடியிருப்பாள். "பிள்ளைங்களுக்குப் பால் ஊத்துறீங்களா, நகை நிறுக்கிறீங்களா?" என்று கத்துவேன். "நின்னுக்கிட்டுப் பார்த்தா அளவு தப்பாத் தெரியும்மா, கண்ணு மட்டத்துல இருக்கணும்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பாடத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர் வேலை அப்படி. ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. அதிலிருந்து வரும் தண்ணீர் முதலில் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குப் போகும். மிச்சம் ஓர் இடத்தில் வந்து இரண்டாகப் பிரியும். மேல்கால் ஒன்று, கீழ்கால் ஒன்று. இரண்டும் ஒரே அகலத்தில் கல்லால் கட்டிய வாய்க்கால்கள். இரண்டுக்கும் தனித்தனி இரும்புக் கதவு, தனித்தனி அளவுப் பலகை. வெள்ளைப் பலகையில் கறுப்பாக அங்குலக் கோடுகள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பலகையும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடும் வருஷங்களில் இதை யாரும் சட்டை செய்வதில்லை. ஆறு மெலிந்துவிட்டால் ஊரே அந்த இரண்டு பலகையில் கண் வைத்திருக்கும். அந்தக் கதவுகளை ஏற்றி இறக்குகிற கைப்பிடி முப்பத்தொரு வருஷமாக என் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் ஆற்றையே அளந்து போடுகிறவர். ஊரில் அவருக்குப் பெயர் விரற்கடை. ஒரு விரற்கடை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று மேல்காலில் உருளைக்கிழங்கு போடுகிற ஒருவர் எரிச்சலில் வைத்த பெயர் அது. அந்தக் கிழங்குக்காரர் ஒரு தடவை கூடை நிறையக் கிழங்கோடு கதவடிக்கு வந்தாராம். "சும்மா வீட்டுக்குத்தான்" என்றாராம். இவர் கூடையை வாங்கி, சரிபாதியாகப் பிரித்து, பாதியைக் கீழ்காலில் போய் முதலில் கண்ட வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு யாரும் ஒரு கிழங்கு கொடுத்ததில்லை. எங்கள் வீடே மேல்கால் ஓரத்தில்தான் இருக்கிறது. ஒரு கோடையில் என் தக்காளிச் செடிகள் அவர் கண்ணெதிரே செத்தன. நாலு குடம் மொண்டால் யாருக்கு என்ன என்று கேட்டதற்கு, "நாலு குடம்னு எல்லா வீட்டுக்காரியும் மொண்டா?" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இத்தனையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவருடைய அக்கா விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

என் நாத்தனாருக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, கீழ்காலின் கடைசியில் எலுமிச்சைத் தோட்டம். கடைசி என்றால் கடைசி, அதற்கப்பால் வாய்க்காலே இல்லை. தன் வீட்டுக்காரர் இறந்த பிறகு தனி ஆளாக நின்று நூறு மரம் வளர்த்தவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆறு வற்றியபோது அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. இரண்டு மைல் நடந்து கதவடிக்கு வந்தார். நானும் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், அதனால் என் காதாலேயே கேட்டேன்.

"தம்பி, எனக்குத் தண்ணி வரலடா. மேல்கால்ல வயல்ல நிக்குது. நான் பார்த்துட்டுத்தான் வரேன்."

இவர் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதலில் மேல்கால் பலகையைக் காட்டினார். அப்புறம் கீழ்கால் பலகையைக் காட்டினார். "பாருக்கா. அங்கயும் பதினொண்ணு, இங்கயும் பதினொண்ணு. குனிஞ்சு பாரு."

"நான் எதுக்குக் குனியணும்? என் மரம் சொல்லுது, உன் கணக்குல எங்கயோ ஓட்டை இருக்குன்னு."

"முப்பது பேரு பார்க்கிற கணக்குக்கா இது."

"நீ பலகைய நம்புறியா, அக்காவ நம்புறியா?"

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பலகைய" என்றார்.

அண்ணி திரும்பி நடந்தார். அடுத்த தண்ணீர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, அளவு தப்பு என்றார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் அளவு தப்புன்னு ஆகிட்டா அன்னைக்கே இந்தக் கைப்பிடிய வச்சிட்டுப் போறேன்" என்று சபதம் போட்டார். அந்தக் கோடையில் அண்ணியின் நாற்பது மரங்கள் காய்ந்தன. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசுவதில்லை.

இடையில் நான் தபால்காரியானேன். அண்ணியின் துணி முழுக்க நான்தான் தைக்கிறேன். தைத்ததை வாங்க வரும்போது ஒரு பை எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார். சாப்பாட்டில் பிழிந்துகொள்ளும்போது இவர், "நல்லாருக்கே, எந்தக் கடை?" என்பார். "உங்க அக்கா கடை" என்பேன். இன்னொரு துண்டு எடுத்துப் பிழிந்துகொள்வார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது வேறு என்ன? ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

இந்த வருஷம் ஆறு மறுபடி வற்றியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் வற்றியதைவிட மோசம். இரண்டு பலகையும் பத்தில் நின்றன.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் காலை அண்ணி அளவு கொடுக்க வந்தார். இவர் வேலைக்குப் போன பிறகு வருவதுதான் அவர் வழக்கம். என் இஞ்ச் டேப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. வாடிக்கைக்காரி யாரோ கழுத்தில் போட்டுக்கொண்டே போயிருப்பாள். பித்தான் டப்பாவுக்கு அடியில் பழைய டேப் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அண்ணியின் இடுப்பைச் சுற்றினேன்.

"முப்பத்திரண்டா? போன தடவையும் அதுதானே சொன்ன?" என்றார் அண்ணி.

"முப்பதுதான் அண்ணி. இளைச்சுட்டீங்க. இது நுனி வெட்டின டேப். ரெண்டு இஞ்ச் கழிக்கணும்."

அந்த டேப்பின் நுனித் தகடு எப்போதோ தையல் மெஷின் சக்கரத்தில் சிக்கி நைந்துபோயிற்று. தூக்கிப் போட மனசு வராமல், முதல் இரண்டு அங்குலத்தை நேராக வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து வைத்திருந்தேன். எந்த அளவு வந்தாலும் மனசுக்குள் இரண்டைக் கழித்துக்கொள்வேன். கை பழகிவிட்டால் அது ஒரு சிரமமே இல்லை.

அண்ணி சிரித்தார். "அப்ப இதுல அளந்தா எல்லாமே ரெண்டு கூட இருக்கிற மாதிரி தெரியும்னு சொல்லு."

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். என் கண் டேப்பின் மேல் போயிற்று. இரண்டாவது அங்குலத்திலிருந்து இருபது வரைக்கும் பழுப்பாக ஒரு சேற்றுக் கறை. எத்தனை துவைத்தும் போகாத கறை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளம் வந்தது. கீழ்கால் பலகையை அடித்துக்கொண்டு போயிற்று, அலுவலகச் சாமான் கொட்டகையையும் சேர்த்து. வடிந்ததும் உடனே தண்ணீர் விட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. இவர் விடியற்காலையில் என் மெஷின் டிராயரைத் திறந்து, என்னை எழுப்பாமல், கையில் கிடைத்த டேப்பை எடுத்துக்கொண்டு போனார். புதுப் பலகையை அவரே நிறுத்தினார். சாயங்காலம் டேப்பைச் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். நான் சேற்றைப் பற்றித்தான் சண்டை போட்டேன். நுனியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் புது டேப் வாங்கிக்கொண்டேன்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி, காலையில சாப்பிடல" என்றேன். அவர் என்னை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போய், இருந்ததை எடுத்து வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மூன்று நாள் இதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள், அப்படியெல்லாம் இருக்காது, வேறு டேப்பில் அளந்திருப்பார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள் சாப்பாட்டுத் தூக்கோடு கதவடிக்குப் போனேன். அவர் மேல்கால் பக்கம் இருந்தார். நான் கீழ்கால் படியில் இறங்கி, புதிதாக வாங்கிய டேப்பின் நுனியில் கனத்துக்கு ஒரு இரும்பு நட்டைக் கட்டி, கதவின் அடிக்கல் மேல் படும்படி தண்ணீருக்குள் விட்டேன். பலகை பத்து என்றது. என் டேப் எட்டு என்றது. மறுபடி விட்டேன். எட்டுதான்.

மேல்கால் பலகை பழையது, கல்லோடு கல்லாக நின்றது, அதில் தப்பில்லை. அவர்களுக்கு முழுசாகப் பத்து. இவர்களுக்குப் பத்து என்ற பெயரில் எட்டு. வெள்ளமாக ஓடும் வருஷத்தில் இரண்டு அங்குலம் யாருக்கும் தெரியாது. ஆறு வற்றினால் அந்த இரண்டு அங்குலம்தான் கடைசித் தோட்டத்தை எட்டுகிற தண்ணீர்.

கதவடியில் இவருக்கு உதவியாக இருப்பவரை எல்லாரும் மீன் என்று கூப்பிடுவோம். இருபது வருஷமாகத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறார், நீச்சல் தெரியாது, அதனால் மீன். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பலகைய நட்டப்ப டேப்போட அடி நுனிய யாரு பிடிச்சது?"

"நான்தான் தையலக்கா. முழங்காலுக்குக் கீழ வரைக்கும் கலங்கல் தண்ணி. நுனிய அடிக்கல்லு மேல வச்சுக் கட்டைவிரலால மிதிச்சுக்கிட்டு நின்னேன். அண்ணன் மேல இருந்து இருபதுல கோடு போட்டாரு. ஏன்?"

சொன்னேன். மீன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கத்தை விட்டு இன்னொன்றும் கேட்டேன். "அவருக்குத் தெரியாம நீங்களே இந்தப் பலகைய ரெண்டு இஞ்ச் ஏத்தி வச்சிட முடியாதா?"

"அண்ணனுக்குத் தெரியாம அந்தப் பலகையில ஒரு ஈ உட்கார முடியாது தையலக்கா" என்றார் மீன். "நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா தாங்க மாட்டாரு."

நான் சொன்னால் மட்டும் தாங்குவாரா? எனக்கு அதுதான் பயம். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். பெரிய சம்பாத்தியம் ஒன்றும் இல்லை. ஒரு விரற்கடை தப்பாதவர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்தது. அந்தப் பெயருக்காக அக்காவையே விட்டார். அதை என் கையாலேயே எடுத்துப் போடச் சொன்னால் எனக்கு எப்படி மனசு வரும்? சொல்லாமல் இருக்கலாம் என்றால் அங்கே அறுபது மரம் நிற்கிறது. இளைத்துப்போன இடுப்பு வேறு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்து, மேசையில் எலுமிச்சம் மூடியைத் தட்டில் ஓரமாக வைத்தபோது, பழைய டேப்பை அவர் முன்னால் நீட்டி வைத்தேன்.

"என்னங்க, இதோட நுனியப் பாருங்க."

பார்த்தார். இரண்டு என்ற எண்ணில் தொடங்கியது. விரலால் தடவினார். நான் மடித்துத் தைத்த தையலைத் தடவினார். கறையைப் பார்த்தார். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டேப்பை மேசை விளிம்போடு சேர்த்து நேராக வைத்து, பழக்க தோஷத்தில் குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அப்படியே இருந்தார். நிமிரவே இல்லை.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்ங்க. எனக்குத் தோணல" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் சொன்ன முதல் வார்த்தை என்னைப் பற்றியும் இல்லை, கைப்பிடியைப் பற்றியும் இல்லை.

"அக்கா அன்னைக்கே சொன்னா" என்றார்.

எழுந்து போனார். அலுவலக இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று தடவை அளந்தாராம். மீன் சொன்னார். திரும்பி வந்தபோது இரண்டு முட்டியும் நனைந்திருந்தன. முகத்தில் உயிரே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பலகைய நாளைக்குச் சரி பண்ணிடுங்க. யாரு கேக்கப் போறாங்க? ஊரக் கூட்டிச் சொல்லித்தான் ஆகணுமா?" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எனக்குத் தெரியும். அவரை அந்த வாயில் போடப் பயமாக இருந்தது.

"பலகைய மாத்தினா தண்ணி சரியாயிடும்" என்றார். "அக்கா சொன்னது சரின்னு யாரு சொல்றது?"



மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர்க் கூட்டம். வற்றிய காலத்தில் எட்டு நாளுக்கு ஒருமுறை நடக்கும். அலுவலகத்தின் நீள அறை, இரண்டு பக்கமும் பெஞ்சு, சுவரில் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும் கடிகாரம். மேல்கால்காரர்கள் ஜன்னல் பக்கம், கீழ்கால்காரர்கள் கதவுப் பக்கம். குடிநீர்த் தொட்டியைப் பார்க்கிறவர் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், அவருக்குத்தான் முதல் பங்காயிற்றே. பொறியாளர் அம்மா மேசைக்குப் பின்னால். அண்ணி வழக்கம்போல் கடைசி பெஞ்சில், சுவரோரமாக. நான் அதற்கு முன்னால் ஒருநாளும் அந்த அறைக்குள் போனதில்லை. அன்றைக்குப் போய் வாசலருகில் நின்றுகொண்டேன்.

இவர் எழுந்தார். இரும்புக் கைப்பிடியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார்.

"கீழ்கால் பலகை ரெண்டு இஞ்ச் தப்பு. பத்துன்னு காட்டினா எட்டுதான் போகுது. வெள்ளத்துக்கு அப்புறம் நான்தான் நட்டேன். நான்தான் தப்பா அளந்தேன். பதினொரு வருஷமா கீழ்காலுக்குக் குறைச்சலாத்தான் போயிருக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால இதே ரூம்ல ஒருத்தர் எழுந்து சொன்னாங்க. அவங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு."

பொறியாளர் அம்மா பேனாவை எடுத்தார். "எதை வச்சு அளந்தீங்க?"

"கையில இருந்தத வச்சு அளந்தேன்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷமாக ஒரு சொட்டுப் பாலைக்கூட சரியாகப் பங்கு போட்டவர், தப்பை மட்டும் முழுசாக அவரே எடுத்துக்கொள்கிறாராம். "என் டேப்பு அது!" என்று வாசலில் இருந்தே சொன்னேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நுனி வெட்டினது நானு. சொல்லாம விட்டதும் நானு. எழுதினா பாதி என் பேர்ல எழுதுங்க."

"நுனிய மிதிச்சது நானு" என்றார் மீன், மூலையிலிருந்து.

யாரோ சிரித்தார்கள். கிழங்குக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப எங்களுக்கு என்ன ஆகும்? இங்கிருந்து ரெண்டு இஞ்ச் போகுமா?"

"ஒரு இஞ்ச் போகும்" என்றார் இவர். "உங்களுக்குப் பத்து, அவங்களுக்கு எட்டு. சரி பண்ணினா ரெண்டும் ஒன்பது. உங்க கடைசி நாலு வரிசை காயும். மன்னிச்சுக்கங்க. அந்தத் தண்ணி உங்களோடது இல்ல."

கிழங்குக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மூணு வரிசைதான் காயும்" என்றார் கடைசியில். "நாலாவதுக்கு வீட்டுக் குழாயில இருந்து குடத்துல ஊத்திக்கிறேன்."

பொறியாளர் அம்மா கைப்பிடியைக் காட்டி, "இது யார்கிட்ட?" என்று கேட்டார். எல்லாரும் கிழங்குக்காரரைத்தான் பார்த்தார்கள். கூட்டத்தில் பெரிய குரல் அவருடையது.

"என்னைப் பார்க்காதீங்க" என்றார் அவர். "எங்கிட்ட குடுத்தா நான் என் பக்கந்தான் திறப்பேன். அது ஊருக்கே தெரியும். தப்ப வீட்டுலயே புதைச்சிட்டுப் போயிருக்கலாம், கொண்டாந்து நடுவுல வச்ச மனுஷன் அவரு. வேற யாரு கையில குடுப்பீங்க?"

"நான் சொன்ன சொல்லு இருக்கு" என்றார் இவர்.

அப்போது கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. அண்ணி எழுந்து வந்தார். மெதுவாகத்தான் வந்தார், அவருக்கு முழங்கால் வலி. கைப்பிடியை இரண்டு கையாலும் தூக்கினார். கனமானது. தம்பிக்கு நேரே நீட்டினார்.

"நாப்பது மரத்துக்கு நான் அழுது முடிச்சாச்சு. போன தண்ணிய நீ தலைகீழா நின்னாலும் திருப்பிக் குடுக்க முடியாது." கைப்பிடியை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "நீ திரும்பி வாடா. அது முடியும்."

இவர் கைப்பிடியை வாங்கவில்லை. கைப்பிடியோடு சேர்த்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார். நான் அவர் அழுது அதற்கு முன் பார்த்ததில்லை.

பலகையை அன்றைக்கே ஏற்றி வைத்தார்கள். பொறியாளர் அம்மாவே குனிந்து பார்த்தார். இவர் கைப்பிடியைப் போட்டுக் கதவுகளைத் திருகினார். இரண்டு பலகையும் ஒன்பது காட்டியதும் அக்காவும் தம்பியும் கீழ்கால் கரையோடு நடக்கத் தொடங்கினார்கள். கூடவே நானும். பாதி தூரம் வரை வாய்க்காலில் தண்ணீர் இருந்தது. அதற்கப்பால் தரை காய்ந்து வெடித்திருந்தது. அங்கே புதுத் தண்ணீரின் முனை, சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்தது. ஒவ்வொரு வெடிப்பும் அதைக் குடித்தது. குடித்து முடிக்கும்வரை நின்று, மறுபடி நகரும். அவர்களும் நின்று நின்று அதன் கூடவே நடந்தார்கள். ஏழு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது, ஆனால் யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. "வெயிலுக்குத் தொப்பி போட மாட்டியா?" என்றார் அக்கா. "முழங்காலுக்கு என்ன மருந்து போடற?" என்றார் தம்பி. தண்ணீர் தோட்டத்துக்குள் நுழையும்போது மணி நாலு. முதல் மரத்தடியில் அது சுற்றி நின்றதை அண்ணி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உள்ளே போய் எலுமிச்சைச் சாறு கலந்து கொண்டுவந்தார். எனக்கு ஒன்று கையில் கொடுத்தார். மற்ற இரண்டு டம்ளரைப் பலகை மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இவர் தன்னையறியாமல் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மட்டம் பார்த்தார்.

ஒரு டம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. இன்னொன்று நன்றாகக் குறைந்திருந்தது.

"என்னக்கா இது?"

"குறைஞ்சது உன்னுது" என்றார் அண்ணி. "ரெண்டு இஞ்ச் கம்மி. குடிச்சுப் பாரு, எப்படி இருக்குன்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அதை எடுத்தார். அண்ணி அவர் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, தன் டம்ளரைச் சாய்த்து அவருடையதில் ஊற்றினார். அளக்கவில்லை. நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது. என் வீட்டுக்காரர் அதைத் துடைக்காமல் குடித்தார்.